பன்னிரண்டு வருஷம் போட்ட டிஏபி எங்கே போனது?

கேள்வி இதுதான். சிவகங்கை மாவட்டம் கல்லலுக்குப் பக்கம் மூன்று ஏக்கர் செம்மண் புஞ்சை. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த நாளாக, பன்னிரண்டு வருஷம் கடலையும் உளுந்தும் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். வருஷம் தவறாமல் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, அதாவது டை அம்மோனியம் பாஸ்பேட் உரம். இப்போது மண்வள அட்டை கைக்கு வந்திருக்கிறது: கார அமில நிலை (பிஎச்) 5.6, மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஹெக்டேருக்கு 9 கிலோ, பக்கத்தில் 'குறைவு' என்று போட்டிருக்கிறது. உரக்கடைக்காரர் இனிமேல் இரண்டு மூட்டையாகப் போடச் சொல்கிறார். "போட்டதெல்லாம் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டதா? எங்கள் ஐயா காலத்தில் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லையே, அப்போது மட்டும் எப்படி விளைந்தது?" என்று கேட்கிறீர்கள்.

எங்கேயும் போகவில்லை தம்பி. பாதிக்கு மேல் உங்கள் வயலிலேயே கிடக்கிறது. பயிர் தொட முடியாத உருவத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வரவு செலவு பார்த்துவிடுவோம். ஐம்பது கிலோ மூட்டை டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து என்றால் 23 கிலோ. இது உரக்கணக்கு, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டுச் சொல்வது. அதை 2.29-ஆல் வகுத்தால்தான் வெறும் பாஸ்பரஸ் வரும்: மூட்டைக்குப் பத்து கிலோ. பன்னிரண்டு வருஷத்தில் ஏக்கருக்கு 120 கிலோ உள்ளே போயிருக்கிறது. வெளியே போனது எவ்வளவு? மானாவாரிக் கடலையில் ஏக்கருக்கு 600 கிலோ காய் எடுத்தால், காயும் கொடியுமாகச் சேர்ந்து சுமார் மூன்று கிலோ பாஸ்பரஸ் களத்துக்குப் போகும். பன்னிரண்டு வருஷமும் கடலையே போட்டதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 36 கிலோ. மழைத்தண்ணீரில் மண்ணோடு கரைந்து கண்மாய்க்குப் போனது பத்துப் பதினைந்து கிலோ என்று கழித்துக்கொள்ளுங்கள். மீதி எழுபது கிலோ எங்கே? அட்டை காட்டும் 9 கிலோ ஹெக்டேருக்கு. ஏக்கருக்கு மூன்றரை கிலோ சொச்சம்தான்.

அந்த அட்டை எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண் பரிசோதனை ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. விவசாயிகள் அதைப் பாங்குப் புத்தகத்தின் இருப்பு மாதிரி வாசிக்கிறார்கள். அது மொத்த இருப்பு கிடையாது. சலித்த மண்ணில் சிட்டிகை அளவு எடுத்து, சோடியம் பைகார்பனேட் கரைசலில், அதாவது நம் வீட்டு ஆப்ப சோடாவேதான், கார அமில நிலையை 8.5-க்கு நிறுத்தி, அரைமணி நேரம் குலுக்கி வடிகட்டுவோம். வடித்த நீரில் மாலிப்டேட் கரைசலை விட்டால் நீலம் பூக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். 1954-இல் ஓல்சன் குழுவினர் வகுத்த முறை இது. ஆக அட்டையில் இருப்பது, அரைமணி நேரக் குலுக்கலுக்கு மண் விட்டுக்கொடுத்தது மட்டும். தமிழ்நாட்டுக் கணக்கில் 11-க்குக் கீழே குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

இந்த முறை சுண்ணாம்பு கலந்த, நடுநிலை மண்களை மனதில் வைத்து உருவானது. உங்களுடையது மாதிரி அமிலம் தட்டிய செம்மண்ணுக்கு 1945-இல் வந்த பிரே முறை பொருத்தம். அதில் இருக்கும் புளோரைடு, அலுமினியம் பிடித்து வைத்திருப்பதைத் தளர்த்தி எடுக்கும். அடுத்த தடவை மண் கொடுக்கும்போது எந்த முறையில் பார்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு முறையின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டுக்கும் அளவுகோல் வேறு.

இனி அந்த எழுபது கிலோ. மண்ணில் பாஸ்பரஸ் ஒரே இடத்தில் ஒரே உருவத்தில் இருப்பதில்லை. வேர் நேரடியாகக் குடிப்பது மண் ஈரத்தில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டை மட்டும்தான். அது எவ்வளவு சொற்பம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கரின் மேல் பதினைந்து சென்டிமீட்டர் மண்ணில் நல்ல ஈரம் இருக்கும்போது ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கும். சத்துக் குறைந்த மண்ணில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால், மொத்தம் ஆறு கிராம். ஒரு ஏக்கருக்கும் சேர்த்து ஆறே கிராம்! பயிருக்கு வேண்டியது மூன்று கிலோ. அந்த ஆறு கிராம் ஒரு பருவத்தில் ஐந்நூறு தடவை காலியாகி ஐந்நூறு தடவை நிரம்ப வேண்டும். ஆகவே ஊறித் தருகிற மண்ணா, இறுக்கிப் பிடிக்கிற மண்ணா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நம் செட்டிநாட்டு மேட்டு மண் இறுக்கிப் பிடிக்கிற ஜாதி.

பிடிப்பது இரும்பும் அலுமினியமும். ஆத்தங்குடிக் கல் தரையில் சிவப்புப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயம் இரும்பு ஆக்சைடு. உங்கள் வயலின் சிவப்பும் அதே குடும்பம்தான். இந்த ஆக்சைடு துகள்களின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் அணுத்தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்பேட் வந்ததும் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்து இரும்போடு நேரடியாகப் பிணைந்துவிடும். மண் எந்த அளவு அமிலமோ அந்த அளவு பிடி இறுகும்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பயிற்சிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் காட்டுவேன். பாஸ்பேட் கரைசலை மூன்று குடுவையில் சம அளவு ஊற்றுவோம். ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் கண்மாய்க்குக் கீழே இருக்கும் நஞ்சை மண், ஒன்றில் சரளைக்காட்டுச் செம்மண். ஒரு மணி நேரம் குலுக்கி வடித்து மூன்றிலும் மாலிப்டேட் விட்டால், மணல் குடுவையில் மயில் கழுத்து நீலம், நஞ்சை மண்ணில் வெளிர் நீலம், செம்மண் குடுவையில் கிட்டத்தட்ட நிறமே இல்லாத வெறும் தண்ணீர். "சார், ஊற்ற மறந்துட்டீங்க" என்று ஒரு பெண் சொன்னாள். மறக்கவில்லை, மண் குடித்துவிட்டது. நீங்கள் விதைக்கிற அன்றைக்கு டிஏபியைக் கைவீச்சில் தூவி உழுதீர்களே, அதற்கும் இதே கதிதான்.

இது முதல் கட்டம். மேற்பரப்பில் உட்கார்ந்த பாஸ்பேட் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கும்; அதன் மேல் புதிய இரும்புப் படலம் படியும். அப்புறம் அது சிறைப்பட்ட பாஸ்பரஸ். வயலில் ஒரு சரளைக் கல்லை எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெளியே மஞ்சள் பழுப்புத் தோல், உள்ளே கருஞ்சிவப்பு, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளுக்குள்ளே பாஸ்பரஸ் உண்டு. உங்கள் பேரன் காலத்திலும் அது வேருக்குக் கிடைக்காது.

எது எவ்வளவு என்று பிரித்தறிய 1957-இல் சாங், ஜாக்சன் இருவரும் ஒரு வரிசை முறை கொடுத்தார்கள். ஒரே மண்ணை ஒன்றன் பின் ஒன்றாகப் பல கரைசல்களில் ஊறவைப்பது. தளர்வாக ஒட்டியது ஒன்றில் வரும், அலுமினியத்தோடு இருப்பது புளோரைடில், இரும்போடு இருப்பது எரிசோடாவில், சிறைப்பட்டது டைத்தியோனைட் போட்டு இரும்பையே கரைத்தால், சுண்ணாம்போடு இருப்பது கந்தக அமிலத்தில். கரிசல் மண்ணில் இதைச் செய்தால் சுண்ணாம்புப் பங்கு பெரிதாக நிற்கும். முதிர்ந்த செம்மண்ணில் அது சுருங்கிப்போய், இரும்புப் பங்கும் சிறைப்பட்டதும் ஓங்கி நிற்கும்.

இது ஏன் இப்படி என்பதற்கு மண்ணின் வயதைப் பார்க்க வேண்டும். பாறையில் பாஸ்பரஸ் அப்படைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாக இருக்கும். வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் பாறை சிதையச் சிதைய, சுண்ணாம்பும் சிலிக்காவும் கரைந்து ஓடிவிடும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். அப்படைட்டிலிருந்து விடுபட்ட பாஸ்பேட் கொஞ்ச காலம் செடி கொடி, மக்கு என்று சுற்றிவரும். கடைசியில் இரும்பிடம் மாட்டும். நியூசிலாந்து மண்களை வைத்து வாக்கர், சையர்ஸ் இருவரும் 1976-இல் இந்த வரிசையை எழுதினார்கள். அமேசான், காங்கோ, பக்கத்தில் கேரளத்து மேட்டு நிலம் எல்லாம் இந்தப் பாதையின் கடைசிக் கட்டத்துக்கு அருகில் இருப்பவை. அமேசான் காட்டுக்குச் சகாராவிலிருந்து காற்றில் போகும் தூசியோடு வருஷத்துக்கு 22,000 டன் அளவுக்குப் பாஸ்பரஸ் போய்ச் சேருகிறது என்று செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து 2015-இல் கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய காடு, தூசியை நம்பி நிற்கிறது!

நம்மூரில் இப்போது ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஈரமான வெப்பமண்டலம் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் காரைக்குடி வட்டாரத்தில் வீடுகளின் அஸ்திவாரத்துக்கு வெட்டிய செம்புராங்கல் இந்த மழையில் உண்டானதல்ல. எப்போதோ, இதைவிட நல்ல ஈரம் இருந்த பழைய காலத்தில் ஊறி ஊறி உருவானது. 1807-இல் பிரான்சிஸ் புக்கானன் இந்த வகைக் கல்லுக்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தது மலபாரின் அங்காடிப்புறத்தைப் பார்த்து. லத்தீனில் செங்கல் என்று பொருள். வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும் அதே கல். வானிலை வறண்டுவிட்டது, மண் இன்னும் பழைய மழைக்காலத்தின் குணத்தோடுதான் இருக்கிறது. உங்கள் வயல் அந்தக் கல்லின் மேல்தோல்.

அதே வயலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. மேல் ஒரு சாணில் பாஸ்பரஸ் கூடுதல். இலையும் வேரும் சாணமும் மக்கிய கரிமப் பாஸ்பரஸ் அங்கேதான் இருக்கும், சில மண்களில் மொத்தத்தில் பாதியைக்கூடத் தொடும். அதில் பெரும்பங்கு விதைகளில் சேமிப்பாக இருக்கும் பைட்டேட் வகை. அதையும் இரும்பு பிடித்துக்கொள்ளும் என்பது கொடுமை. கீழே போகப் போகச் சரளை கூடும், கிடைக்கும் பாஸ்பரஸ் கரையும். ஊரளவில் பார்த்தால் இன்னொரு ஏற்ற இறக்கம். மேட்டுப் பொட்டலில் குறைவு, சரிவில் நடுத்தரம், கண்மாய் உள்வாயிலும் அதன் கீழே நஞ்சையிலும் கூடுதல். மழை அடித்துப் போவது முதலில் நுண்துகளை. பாஸ்பரஸ் ஒட்டியிருப்பதும் நுண்துகளில்தான். மணலை உங்களுக்கு விட்டுவிட்டுச் சத்தைக் கண்மாய் வாங்கிக்கொள்கிறது.

உங்கள் ஐயா கணக்கு இங்கேதான் புரியும். கோடையில் ஆடு மேய்க்கும் கீதாரிகளைக் கூப்பிட்டுக் கிடை போட்டிருப்பார். ஆடு பகலெல்லாம் பொட்டலிலும் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் மேய்ந்து, இராத்திரி உங்கள் வயலில் புழுக்கை போடும். பல நூறு ஏக்கரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடந்த பாஸ்பரஸை நான்கு காலில் நடத்திக் கொண்டுவந்து மூன்று ஏக்கரில் கொட்டுகிற ஏற்பாடு அது. கோடையில் கண்மாய் வண்டலும் மாட்டு வண்டியில் ஏறியது. அதாவது மண்ணிலிருந்து ஓடியதைத் திருப்பி எடுத்தார்கள். பழைய நத்தத்து மண்ணை அடித்து வயலுக்குப் போட்டதும் இதுதான்; சாம்பல், எலும்பு, சாணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த இடம். மனிதர் குடியிருந்த இடத்தை மண்ணின் பாஸ்பேட்டை வைத்தே தொல்லியலாளர் கண்டுபிடிப்பதுண்டு. அப்போது விளைச்சலும் இன்றைக்கு எதிர்பார்க்கிற அளவு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐயா காலத்தைப் பொற்காலமாக்க நான் தயாராக இல்லை.

கண்மாய்க்குக் கீழே நஞ்சையும் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனித்திருப்பார்கள். அங்கே நெல்லுக்கு மணிச்சத்து போடாவிட்டாலும் அவ்வளவு அடி விழாது. தண்ணீர் நின்று சில நாளிலேயே மண்ணில் காற்று தீர்ந்துபோகும். இரண்டு மூன்று வாரத்தில் சிவப்பு இரும்பு நிறம் மாறிக் கரையும் இரும்பாகிவிடும். சேறு சாம்பல் பூப்பதும், தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி துருப்படலம் மிதப்பதும் அதனால்தான். இரும்பு கரையும்போது பிடித்து வைத்த பாஸ்பேட்டும் கைநழுவும். சிறைக்கதவு திறந்த மாதிரி. ஆனால் தண்ணீர் வடிந்து அதே வயலில் உளுந்து தெளித்தால், இரும்பு மறுபடி துருவாகும், அதுவும் புத்தம் புதிய, பொடிப் பொடியான துரு. பரப்பு அதிகம், பசி அதிகம். விட்டதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். நெல் தரிசு உளுந்துக்கு இலைவழியாக டிஏபி தெளிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்வது? இரண்டு மூட்டை வேண்டாம். மானாவாரி உளுந்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே ஹெக்டேருக்கு 25 கிலோ மணிச்சத்து, ஏக்கருக்குப் பத்து. நீங்கள் ஏற்கெனவே 23 போடுகிறீர்கள். அளவைக் குறையுங்கள், போடும் விதத்தை மாற்றுங்கள்.

தூவி உழுவதுதான் இந்த மண்ணில் ஆகாத வேலை. ஒவ்வொரு உரமணியையும் ஆயிரம் இரும்புத் துகளுக்கு அறிமுகப்படுத்தி வைக்கிற மாதிரி. விதைச்சாலிலேயே, விதைக்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கமாக ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வரிசையாக விழட்டும். பாஸ்பேட் மண்ணில் சில மில்லிமீட்டர்தான் நகரும். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும், அது வேரைத் தேடி வராது. டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் வாங்குங்கள். பத்து கிலோ மணிச்சத்துக்கு அறுபது கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். கூலியும் வண்டிச் சத்தமும் கூடும். ஆனாலும் கடலைக்கு வேண்டிய சுண்ணாம்பும் கந்தகமும் அதிலேயே இருக்கின்றன. டிஏபியில் இரண்டும் இல்லை.

அதைவிட நல்ல வழி, அந்தச் சூப்பரை ஊட்டமேற்றிய தொழு உரமாக்குவது. ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிப் பொடியான தொழு உரத்தோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் குவித்து மூடி ஒரு மாதம் வையுங்கள். பாஸ்பேட்டில் ஒரு பங்கு நுண்ணுயிர் உடம்புக்குள் போய்விடும், மண்ணில் விழுந்ததும் இரும்பு லபக்கென்று பிடிக்க முடியாது. மக்கிலிருந்து வரும் கரிம அமிலங்கள் இரும்பின் இருக்கைகளில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். பங்குனி சித்திரையில் சும்மா இருக்கும்போது தொழு உரத்தைச் சேர்த்து வைத்து, விதைப்புக்கு ஒரு மாதம் முன்னால் கலந்தால் போதும்.

மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியா பாக்கெட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விலை குறைவு, போடுவதில் நஷ்டமில்லை. ஆனால் ஆய்வகத் தட்டில் அது கரைத்துக் காட்டுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டை. உங்கள் மண்ணில் இருப்பதோ இரும்போடு கட்டியது. தட்டில் தெரிகிற தெளிந்த வளையத்தை வயலில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். என்னைக் கேட்டால் வேர் உட்பூசணத்துக்குத்தான், அதாவது வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சைக்குத்தான், ஓட்டுப் போடுவேன். அதன் நூலிழை வேர் எட்டாத இடத்துக்குப் போய் வாங்கி வரும். கடலைக்கு நடுவே துவரை வரிசை விடுகிற பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிட்டு, இரும்பைக் கவ்விப் பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று 1990-இல் ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தார்கள். துவரை உதிர்க்கும் இலை அடுத்த பயிருக்கு வரவு.

பாறையை அரைத்துத் தரும் ராக் பாஸ்பேட் அமில மண்ணில் வேலை செய்யும் என்பது உண்மை, ஆனால் கார அமில நிலை 5.5-க்குக் கீழே இருந்தால்தான் சுறுசுறுப்பு. உங்களுடையது விளிம்பில் நிற்கிறது. குறுகிய காலப் பயிருக்கு நான் சொல்ல மாட்டேன். முந்திரி வைத்திருந்தால் சரி. கண்மாய் வண்டலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் கட்டணமில்லாமல் அள்ள அனுமதி கிடைக்கும். வண்டலிலும் இரும்பு உண்டு, ஆனாலும் களியும் மக்கும் சேர்ந்து வருவதால் உங்கள் சரளைக்கு அது ஈரத்தையும் பிடித்துக் கொடுக்கும். ஈரமில்லாமல் பாஸ்பேட் நகராது.

உளுந்துக்குப் பூக்கும் சமயத்திலும் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளியுங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுத்து, சாயங்காலம் அடிக்க வேண்டும். இலை இரும்பு ஆக்சைடு கிடையாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

பிடிபட்ட எழுபது கிலோவும் முழு நஷ்டமில்லை. இருக்கைகள் நிரம்ப நிரம்பப் புதிதாக வருவதைப் பிடிக்கும் வேகம் குறையும். பழையதும் வருஷா வருஷம் துளித்துளியாகக் கசியும். சிறைப்பட்டதைத்தான் மறந்துவிட வேண்டும்.

அடுத்த மண் மாதிரியை அறுவடை முடிந்து கோடையில் எடுங்கள். உரம் விழுந்த உழவு சாலிலிருந்து விலகி, பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவக் குழி வெட்டி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை ஒரே கனத்தில் சுரண்டி, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவாக்குங்கள். எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு தடவை பொட்டல் மண் ஒன்று வந்தது. நீலம் கண்ணைப் பறித்தது, கணக்குப் போட்டால் ஹெக்டேருக்கு 60 கிலோவைத் தாண்டியது. குடுவையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டார்களோ என்று உதவியாளரைத் திட்டி, மறுபடி செய்தோம். மறுபடியும் அதே நீலம். கடைசியில் மண் வந்த பையைத் திருப்பிப் பார்த்தால், உள்பக்கம் டிஏபி மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.